தண்டனை இல்லை என்றால் போதுமா? காவாங்கரையிலிருந்து ஒன்றிய உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதையொட்டித் தங்கள் அமைச்சகம் வெளியிட்ட விலக்கு ஆணையில் இலங்கைத் தமிழர்களுக்கென்று ஒரு வரி இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு பெற்றவர்களுக்கு, பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் இருப்பதற்கான தண்டனை கிடையாது என்பதே அந்த வரி. செய்தி வந்த நாளில் ஆள் மாற்றி ஆள் என் கடைக்கு வந்து கேட்டார்கள்: “அக்கா, இனி எங்களுக்குக் குடியுரிமை தருவாங்களா?” ஒரு பெரியவர் லட்டு டப்பாவோடு வந்துவிட்டார். இல்லை ஐயா, ஜெயிலில் போட மாட்டோம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அவர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவரிடம் நான் சொன்னதைத் தாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

புழல் காவாங்கரையில், இலங்கைத் தமிழர் முகாமுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. வேலை முழுக்க விண்ணப்பம் நிரப்புவது. ஆதார் திருத்தம், கல்லூரி கவுன்சலிங், உதவித்தொகை, வங்கிக் கணக்கு, வேலைக்கு பயோடேட்டா என்று முகாம் மக்களின் காகிதங்கள் எல்லாமே ஏதோ ஒரு நாள் என் ஸ்கேனருக்கு வந்தவைதான். சென்னை மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், புழலிலும் மாதவரத்திலும் படித்த மதிப்பெண் சான்றிதழ், ஆதார், அதோடு அந்த அகதி அடையாள அட்டை. ஒரே பிள்ளையின் கோப்பில் இவை எல்லாம் இருக்கும். ஆன்லைன் படிவத்தில் நாட்டுரிமை என்ற இடம் வந்ததும் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். அங்கே ‘இந்தியா’ என்று நான் அடித்தால் அது பொய்த் தகவல். ‘இலங்கை’ என்று அடித்தால், அந்தப் பிள்ளை கண்ணால்கூடப் பார்க்காத ஒரு நாட்டின் பெயர். அந்த நாடும் இந்தப் பிள்ளையைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கு எல்லையும் வேண்டும், எல்லைக்குக் காவலும் வேண்டும். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு ஒரே சட்டமாக்கியது நல்லதுதான். போலிப் பயண ஆவணம் வைத்திருப்பவருக்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் “ஒரு சர்டிபிகேட் ரெடி பண்ணித் தர முடியுமா” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைத் துரத்திவிட்டவள் நான். கடல் ஓர் எல்லை என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவும் வேண்டாம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு காசிமேட்டு மீனவர்கள் அடையாள அட்டையோடுதான் கடலுக்குப் போகிறார்கள். யாரும் அதை அநியாயம் என்று சொல்லவில்லை.

புதிதாக உள்ளே வருகிறவர்களை நிறுத்திக் கேட்பதற்காக எழுதிய சட்டம், முப்பத்தைந்து ஆண்டுகளாக உள்ளேயே இருப்பவர்கள் மீதும் அப்படியே படிகிறது. என் வழக்கு அதுதான்.

செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். தலைமைக் காவலர் பொறுப்பில் இருப்பவரே பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த ஆளுடையது. குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது. அதற்கு மேல் முறையிட இந்தச் சட்டத்துக்குள் இடம் வைக்கவில்லை. தங்கும் விடுதிகள், பல்கலைக்கழகங்கள், நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனைகள் என எல்லோரும் வெளிநாட்டவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தனையும் இருக்கிற சட்டத்துக்கும் முகாம் மக்களுக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு வரி மட்டும்தான். அதுவும் சட்டத்தின் வரி இல்லை, ஆணையின் வரி. அமைச்சகம் போட்ட ஆணையை அமைச்சகமே திருத்தலாம், திரும்பப் பெறலாம், அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. விருந்தாளியைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே சோறு போட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது இது. சோறு போடவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் 1995-க்குள் அரசின் ஏற்பாட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகும் பலர் தாங்களாகவே போனார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு 34,087 பேர். கூட்டினாலும் ஒரு லட்சம் வரவில்லை. 140 கோடிப் பேர் வாழும் நாடு இவர்களைத் தாங்காது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது, ஏனென்றால் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வடசென்னையில் புதிதாக எழும்பிய எத்தனையோ அடுக்குமாடிகளுக்கு வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தது காவாங்கரை, கும்மிடிப்பூண்டி முகாம் ஆண்கள். அந்த வீடுகளில் ஒன்றைக்கூடத் தங்கள் பெயரில் அவர்கள் பதிந்துகொள்ள முடியாது.

இனி, நான் கண்டதைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

முகாமில் பெயின்டர் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக வேறொரு ஊரின் மருத்துவமனைக்குப் போனார். முகாமிலிருந்து வெளியே இரவு தங்க அனுமதி வாங்கிக்கொண்டு, முறைப்படிதான் போனார். மருத்துவமனைக்கு எதிரே உள்ள விடுதியில் அறை கேட்டிருக்கிறார். அட்டையைப் பார்த்த மேலாளர் வெளிநாட்டவர் படிவம் நிரப்ப வேண்டும், பாஸ்போர்ட் எண்ணும் விசா எண்ணும் போடாமல் அந்தப் படிவம் ஏறாது, புதுச் சட்டம் வந்திருக்கிறது, எனக்கு எதற்கு வம்பு என்று கையை விரித்துவிட்டார். அடுத்த விடுதியிலும் அதே பதில். தையல் போட்ட வயிற்றோடு அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆன இரவைப் பேருந்து நிலையத்தில் கழித்தார். விடுதிக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. முகாம் அட்டையை ஏற்கலாம் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தகவல் தராவிட்டால் தனக்குத் தண்டனை என்பது மட்டும்தான். விலக்கு ஆணை தங்கள் கோப்பில் இருக்கிறது. விடுதி மேசையில் அது இல்லை.

அடுத்துச் சொல்லப்போவது என்னைத் தூங்கவிடாத ஒன்று.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் முகாம் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் இந்தியக் குடிமகன். தாத்தா காலத்திலிருந்து மாதவரம். பெண்ணும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், அரசு மருத்துவமனையில். திருமணப் பதிவெல்லாம் ஒழுங்காக நடந்தது. கணவன் இந்தியன் ஆயிற்றே, மனைவிக்குக் குடியுரிமை வாங்கிவிடலாம் என்று இரண்டு பேரும் நம்பிக்கையோடு என் கடைக்கு வந்தார்கள். இந்தியரை மணந்தவர் 7 ஆண்டு இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் தலையிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: கேட்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அவர்கள் கேட்டுப்போன அலுவலகத்தில், உன் அப்பா அம்மா 1990-இல் படகில் வந்தவர்கள், ஆகவே நீயும் அந்தக் கணக்கில்தான் என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தைக்கூட வாங்கவில்லை. அந்தப் பெண் கேட்டாள்: “நான் எங்கிருந்தும் வரலையே அக்கா, எப்படி நான் குடியேறி ஆனேன்?” சட்டவிரோதக் குடியேறி என்றால் ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்று சட்டமே சொல்கிறது. இங்கேயே பிறந்தவள் எந்த எல்லையைக் கடந்து நுழைந்தாள்?

விஷயம் அதோடு முடியவில்லை, அமைச்சர் அவர்களே. இப்போது அவர்களுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தை குடிமகனாக வேண்டுமானால், பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்க வேண்டும். தாயை அந்தக் கணக்கில் வைத்தால் பிள்ளைக்கும் குடியுரிமை போயிற்று. தகப்பன் இந்தியன், பிறந்தது சென்னை, ஆனாலும் பிள்ளை யாருடையதும் இல்லை. படகேறி வந்தது பாட்டனும் பாட்டியும். அந்தப் படகுப் பயணத்துக்குப் பேரப்பிள்ளை கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடல் தாண்டி வந்தவர், அவர் பெற்ற மகள், அவள் பெற்ற பிள்ளை என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே பெயரைச் சூட்டும் சட்டத்தால் எல்லையில் என்ன பாதுகாப்பு கூடிவிடும் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

பி.காம். முடித்து, வளாக நேர்முகத்தில் தேர்வான இன்னொரு பெண்ணுக்கு, ஆவணச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்டார்கள் என்பதற்காகவே வேலை கைநழுவிப் போனது. இப்போது ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். இதைப் போன்றவை எத்தனை என்று எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது.

மன்னாரில் தாய் படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டுத் துடித்த ஒரு அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஒருக்கா முகம் பாத்திட்டு வந்தாப் போதும் பிள்ளை” என்று என்னிடம் வந்து நின்றார். போவதற்கு வழி இருக்கிறது: வெளியேறும் அனுமதி வாங்கி, இலங்கைத் தூதரகத்தில் பயணத்தாள் வாங்கி, ஒரேயடியாகப் போய்விடலாம். வருவதற்குத்தான் வழி இல்லை. கணவரும் பிள்ளைகளும் காவாங்கரையில். அவர் போகவில்லை. சாவு வீட்டைக் கைபேசியில் பார்த்தார். இதே இந்தியாவில் திபெத்திய அகதிகளுக்கு வெளிநாடு போய்வர அடையாளச் சான்று ஏடு கொடுக்கிறீர்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். பாக் நீரிணையின் அகலம் ஒரு சில மணி நேரப் படகுப் பயணம். அந்தத் தூரத்துக்குப் போய்வர இவர்களுக்கு ஏன் அப்படி ஒரு ஏடு கிடையாது?

இதில் உனக்கென்ன இத்தனை அக்கறை என்று கேட்கலாம். என் குடியிருப்பு வியாசர்பாடி. என் தாத்தா பர்மாவில், ரங்கூனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1962-இல் அங்கே ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஒரே நாளில் கடையும் போய்க் காசும் போய், கட்டிய துணியோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார் தாத்தா. நம்மவர்கள் திரும்பி வருகிறார்கள் என்றுதான் அன்றைய அரசு அவர்களைப் பார்த்தது. குடிசை போட இடம் கொடுத்தது, கடன் கொடுத்தது. 1969-இல் கடற்கரைச் சாலை ஓரமாக பர்மா பஜார் வந்தது. அதே 1969-இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்றே ரெப்கோ வங்கியைத் தொடங்கியது ஒன்றிய அரசு. அந்த வங்கி இன்றும் தங்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. ரங்கூனில் பிறந்த என் அப்பா இங்கே வாக்களித்தார், ரேஷன் வாங்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எங்களால் இந்த நகரத்துக்கு என்ன கேடு வந்தது? பாரிமுனைப் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் தாத்தாவுக்கு இருந்தது, காவாங்கரைப் பெரியவருக்கு இல்லாதது என்ன? இந்தியத் தூதரகம் கொடுத்த ஒரு தாள், அவ்வளவுதான். ஒருவர் கப்பலில் வந்தார், ஒருவர் குண்டு விழும் இரவில் படகில் வந்தார். குண்டுக்குத் தப்பி ஓடி வருகிறவர் விசா அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டா வருவார்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் கூட்டிப்போன நம் மக்களின் பேரப்பிள்ளைகள். 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா வாக்குக் கொடுத்தது. 1974-இல் எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த வாக்கு முழுவதும் நிறைவேறுவதற்குள் போர் மூண்டது, இராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் நின்றது. கப்பல் நின்றதால் படகில் வந்தவர்கள் அகதி ஆனார்கள். இந்திய அரசு வாக்குக் கொடுத்த மக்களையே இந்திய அரசின் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்கிறது.

அதே விலக்கு ஆணையில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் சிறுபான்மையினருக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அவர்களில் 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்களுக்கு 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வழியாகக் குடியுரிமைக்கே கதவு திறந்திருக்கிறது. அங்கே துன்பப்பட்டு வந்தவர்களுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இலங்கைத் தமிழருக்கு ஏன் 2015 ஜனவரி 9? கொழும்பில் ஆட்சி மாறி சிறிசேனா அதிபராகப் பதவியேற்ற நாள் அது. அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டதா? 2022-இல் அங்கே பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வீதியில் நின்றபோது, கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடிக் கரையில் இறங்கி மண்டபத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குடும்பங்களைத் தாங்களும் அறிவீர்கள். அந்த வரி அவர்களைத் தொடவில்லை. 5 ஆண்டுச் சிறை என்ற பிரிவு அவர்கள் தலைக்கு மேல் அப்படியே நிற்கிறது.

1991 மே 21-ஐ யாரும் மறக்கவில்லை. திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அந்த இரவுக்குப் பிறகு முகாம்களின் மேல் விழுந்த சந்தேகத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் சந்தேகத்தையும் ஓர் இடத்தில் முடிக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சின் கண் அவர்கள் மேல்தான், வருவாய்த் துறையின் கணக்கும் அவர்கள் மேல்தான். மாதம் தவறாமல் அரசு தரும் பணக்கொடை வாங்க வரிசையில் நின்று முகம் காட்டுகிறவர்கள் இவர்கள். இந்த நாட்டில் இத்தனை துல்லியமாகக் கணக்கெடுக்கப்பட்ட மக்கள் வேறு யார்? பாதுகாப்பு என்றால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது. இவர்களைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளைகளுக்கு எதிர்காலத்தை மறுப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

நீதிமன்றங்கள் வழி காட்டாமல் இல்லை. இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில் அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அவர் பிறப்பால் இந்தியரே என்று சொல்லி பாஸ்போர்ட் வழங்க 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் உரிமை அது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒரு வாக்குக்காக உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அன்றாடம் சுவரேறிக் கூலி வாங்குகிற எல்லோராலும் மதுரைக்குப் போய் வக்கீல் வைக்க முடியுமா?

ஆகவே, தங்களிடம் கேட்பது இவை.

பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களும் அவர்கள் வழி இங்கே பிறந்தவர்களும் சட்டவிரோதக் குடியேறிகள் ஆக மாட்டார்கள் என்று குடியுரிமைச் சட்டத்திலேயே எழுதுங்கள். மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு 2019-இல் செய்த திருத்தத்தைப் போல ஒரு திருத்தம் போதும். நாடாளுமன்றத்தில் தங்களுக்குப் பெரும்பான்மை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன உறுப்பினர்களில் இதை எதிர்க்க ஒருவரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

அந்தத் திருத்தம் வரும்வரை காத்திருக்காமல் அமைச்சகமே இன்று செய்யக்கூடியவையும் உண்டு. விலக்கு ஆணையில் இந்தியாவில் பிறந்த பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வெளிப்படையாகச் சேருங்கள். 2015 ஜனவரி 9 என்பதை 2024 டிசம்பர் 31 என்று மாற்றி, 2022-இல் மண்டபத்துக்கு வந்தவர்களைப் பதிவு செய்யுங்கள். முகாம் அட்டை வைத்திருப்பவரிடம் பாஸ்போர்ட், விசா கேட்க வேண்டாம் என்று விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் தமிழிலும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதன் நகலை என் செலவில் எடுத்து, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க நான் தயார். நீண்டகால விசாவும், திபெத்தியர்களுக்குக் கொடுப்பதுபோன்ற பயண ஏடும் இவர்களுக்கும் கொடுங்கள்.

1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களை ஒவ்வொருவராக நீதிமன்றத்துக்கு ஓடவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அவர்களைக் குடிமக்களாகப் பதிவுசெய்ய ஒவ்வொரு முகாமிலும் சிறப்பு நாள் வையுங்கள். 1964, 1974 ஒப்பந்தங்களின்கீழ் வரவேண்டியவர்களின் விண்ணப்பங்களை வாங்கி, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, முடிவு சொல்ல ஒரு காலவரையறை வையுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவது நிற்க வேண்டும்.

இந்தியரை மணந்த முகாம் பெண்களின் விண்ணப்பங்களை முதலில் எடுங்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

குடியேற்ற அதிகாரியின் முடிவை எதிர்த்து முறையிட சட்டத்துக்குள்ளேயே ஓர் அமைப்பை உருவாக்குங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. தஞ்சம் கேட்டு வருகிறவரையும் திருட்டுத்தனமாக நுழைகிறவரையும் பிரித்துப் பார்க்க ஒரு சட்டம் கொண்டுவாருங்கள்.

இந்த மடலின் நகலைப் பதிவுத் தபாலில் தங்கள் அலுவலகத்துக்கும், வடசென்னை, திருவள்ளூர் மக்களவை உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மறுவாழ்வுத் துறைக்கும் அனுப்புகிறேன். எழுத்து வடிவில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
காவாங்கரையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் வியாசர்பாடிக்காரி,
வடசென்னை